குமிழுக்கு எத்தனை பக்கம்

கல்லூரியின் இயற்பியல் துறையில் ஆசிரியையாகச் சேர்ந்து மூன்றாவது ஆண்டு ஓடிக்கொண்டிருந்தும் அவளுக்குப் பெயர் ‘புதுசு’தான். அலமாரிச் சாவியைக் கொடுக்கும்போது, “புதுசு, மறக்காம பூட்டிடு.” தேர்வுக் கண்காணிப்புக்கு யாரும் அகப்படாதபோது, “அதுக்கென்ன, நம்ம புதுசு இருக்கே.” அவள் சேர்ந்ததற்கு அப்புறம் வாங்கிய மின்விசிறி பழசாகித் தூசி படிந்து கிறீச்சிட ஆரம்பித்துவிட்டது. அவள் மட்டும் புதுசாகவே இருந்தாள்.

பணி நிரந்தரமானால் இந்தப் புதுசு ஒழியும். அதற்கு ஒரு சடங்கு பாக்கி. துறைத்தலைவர் அவள் வகுப்பின் கடைசி பெஞ்சில் வந்து அமர்ந்து, முதலாண்டுப் பிள்ளைகளுக்கு அவள் பாடம் நடத்துவதைப் பார்த்து, ‘திருப்தி’ என்று ஒரு வார்த்தை எழுத வேண்டும். எழுதாவிட்டால் அடுத்த ஆண்டு வேறு யாராவது புதுசாக வருவார்கள்.

துறைத்தலைவரை முதுகுக்குப் பின்னால் எல்லோரும் ‘முகவுரை’ என்பார்கள். முதலாண்டுப் பாடநூலை எழுதியவர் அவர்தான். அதன் முகவுரையில் அண்டம் உண்டானதிலிருந்து அச்சகத்தாருக்கு நன்றி சொல்வது வரை எல்லாம் உண்டு. பாடம் மட்டும் அதற்கப்புறம் தொடங்கும். பேச்சிலும் அதே கதைதான். “மணி என்ன சார்?” என்று கேட்டால், “காலம் என்பது...” என்று ஆரம்பிப்பார். கேட்டவன் பஸ்ஸை விட்டுவிடுவான்.

அவர் பார்வையிட வரும் நாளுக்கு வந்து விழுந்தது அவள் இதுவரை நடத்தியிராத பாடம், சோப்புக் குமிழ். குமிழுக்கு உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தம் வெளியே இருப்பதைவிடக் கொஞ்சம் அதிகம். எவ்வளவு அதிகம் என்று கண்டுபிடிக்க வேண்டும். பரப்பு இழுவிசையை ஆரத்தால் வகுத்து, அதை ஓர் எண்ணால் பெருக்கினால் விடை. அந்த எண் எது என்பதில்தான் வந்தது வினை.

பாடநூல் நன்றாகத்தான் ஆரம்பித்தது. நீர்த்துளிக்கு வெளிப்பரப்பு ஒன்றுதான். சோப்புக் குமிழோ மெல்லிய தோல், அதற்கு உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று, ஆகப் பரப்பு இரண்டு என்று தெளிவாகச் சொல்லியது. பிறகு, ‘இதிலிருந்து எளிதில் காணலாம்’ என்று ஒரு வரி. அதற்கடுத்த வரியில் விடை: இரண்டு.

புதுசு கணக்குப் போட்டாள். நான்கு வந்தது. தாளைத் திருப்பிப் போட்டாள். நான்கு. குறியைத் தப்பாக எடுத்தோமோ என்று முதலிலிருந்து போட்டாள். நான்குதான் வந்து பல்லை இளித்தது. நூலகத்தில் வேறு இரண்டு புத்தகங்களை எடுத்துப் பார்த்தாள்; அவையும் நான்கு என்றன. இரண்டு என்பது ஒரே பரப்புள்ள நீர்த்துளிக்கான விடை; குமிழுக்குப் பரப்பு இரண்டு என்பதால் அது இரட்டிப்பாக வேண்டும். முகவுரை குமிழின் உள்பக்கத்தைப் பாதி வழியில் மறந்துவிட்டிருக்கிறார்.

ஆசிரியர் அறையில் மெதுவாகக் கேட்டுப் பார்த்தாள்.

“சார், அந்த ‘எளிதில் காணலாம்’ இருக்கே, அத நீங்க எப்படி நடத்துவீங்க?”

மீசைக்கார ஆசிரியர் செய்தித்தாளை இறக்கவில்லை. “அதுவா? நான் கணக்குப் பண்ணி நடத்துவேன். அந்த வரிக்கு வர்றப்ப சரியா மணி அடிச்சிடும்.”

“அடுத்த நாள்?”

“அடுத்த நாள் அடுத்த பாடம். நேத்து முடிஞ்சிடுச்சு இல்ல?”

ஆய்வகத்து மேடம் சிரித்தார். “அவர் பரவால்ல. நான் வீட்டுப்பாடமா குடுத்துடுவேன். இத்தனை வருஷத்துல ஒரு புள்ளகூட செஞ்சிட்டு வந்ததில்ல. வந்தாத்தானே தொல்லை.”

“ஆனா விடை தப்பு மேடம். நாலு வரணும்.”

அறையில் திடீரென்று எல்லோருக்கும் வேலை வந்துவிட்டது. மீசைக்காரர் தாளை மடித்து வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “இந்தாம்மா, எங்களுக்குத் தெரியாதுன்னா நெனச்சே? தெரியும். தெரியும்னு காட்டிக்கத்தான் தெரியாது. நீயும் அப்படியே இரு, உருப்படுவே.”

வீட்டில் அம்மா அதையே வேறு விதமாகச் சொன்னாள். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த புதுசு, கைவிரல்களை வளையமாக்கி நுரையில் முக்கி ஊதினாள். குமிழ் பெரிதாகி, தொட்டியின் விளிம்பில் பட்டு உடைந்தது.

“அக்கா, உங்க காலேஜ் மொத்தமும் இதுக்குத்தான் மல்லு கட்டுதா?” என்றான் தம்பி.

“எத்தன பக்கம்னு சொல்லுடா பாப்போம்.”

“உள்ள ஒண்ணு, வெளிய ஒண்ணு. இதுக்கு எதுக்கு காலேஜ்?”

“பாத்தியாம்மா, இவனுக்கே தெரியுது.”

“அவனுக்கு யாரு சம்பளம் குடுக்கறா?” என்றாள் அம்மா. “வேலை நிரந்தரமாகட்டும் தாயி. அப்புறம் நாலு என்ன, நாப்பதுன்னு சொல்லு. இப்ப வாய மூடிக்கிட்டு ரெண்டுன்னு எழுதிட்டு வா.”

பார்வை நாளன்று முகவுரை கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். கடைசி பெஞ்ச் ஒருமுறை முனகியது. புதுசு மீசைக்காரரின் வழியையே பிடிப்பதென்று முடிவு செய்திருந்தாள். நீர்த்துளிக் கதையை நீட்டினாள், பூச்சி தண்ணீர்மேல் நடப்பதைச் சொன்னாள், ஊசி மிதப்பதைச் செய்தே காட்டினாள். ஆனால் முதல் முறை என்பதால் கணக்குப் பிசகிவிட்டது. ‘எளிதில் காணலாம்’ என்ற வரியை எழுதி முடித்தபோது மணி அடிக்க இன்னும் வேண்டிய மட்டும் நேரம் இருந்தது.

முன்பெஞ்ச் பெண் கையைத் தூக்கினாள். “மேடம், புக்குல அடுத்த வரியில ரெண்டுன்னு இருக்கே, அது எப்படி வந்துச்சு? எனக்கு எளிதில் தெரியலையே.”

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். பின்னாலிருந்து முகவுரை கருணையோடு குரல் கொடுத்தார். “நல்ல கேள்வி. காட்டுங்கம்மா, காட்டுங்க. ரெண்டே வரிதான்.”

நான்கு என்று எழுதினால் வேலை போகும். இரண்டு என்று எழுதக் கை வரவில்லை. அவள் மூன்றாவது வழியைப் பிடித்தாள்.

“சார், எழுதினவங்களே இருக்கறப்ப நான் காட்டறது மரியாதையா இருக்காது. நீங்களே வந்து பண்ணுங்க சார்.”

புகழ்ச்சி என்று நினைத்து முகவுரை எழுந்து வந்தார். கரும்பலகையில் விறுவிறுவென்று எழுதினார். நான்கு வந்தது. கொஞ்சம் பின்வாங்கி நின்று பார்த்தார். அழித்துவிட்டு மறுபடி எழுதினார். நான்கு மறுபடி வந்தது. அவர் கோட்டைக் கழற்றிப் பெஞ்சின்மேல் வைத்தார்.

“இங்க ஒரு நுட்பம் இருக்கு,” என்றார் திரும்பி. “குமிழுக்கு ரெண்டு பக்கம்கறது நடைமுறை. தத்துவார்த்தமா பாத்தா அதோட தோல் அவ்ளோ மெல்லிசு, உள்பக்கம்னு தனியா ஒண்ணு இருக்குன்னு சொல்லவே முடியாது.”

“உள்பக்கமே இல்லைன்னா உள்ள இருக்கற காத்து எங்க சார் இருக்கும்?” என்றது ஜன்னலோரக் குரல் ஒன்று.

“காற்று என்பது...” என்று தொடங்கினார் முகவுரை. மணி அடிக்கும்வரை காற்று வீசியது. போகும்போது பலகையில் இருந்த நான்கை மட்டும் கைக்குட்டையால் துடைத்து, அந்த இடத்தில் இரண்டு என்று எழுதிவிட்டுப் போனார்.

அறிக்கையில் ‘திருப்தி’ என்று எழுதினாரா? இல்லை. ‘திருப்தி இல்லை’ என்றும் எழுதவில்லை. “பாக்கலாம்” என்று மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டார்.

மறுநாள் முன்பெஞ்ச் பெண் விடவில்லை. “மேடம், பரீட்சைல எத எழுதறது? ஒழுங்கா ஒண்ணச் சொல்லுங்க.”

அம்மாவின் முகம் கண்முன் வந்தது. ஆனாலும் அந்தப் பெண்ணின் முகம் அதைவிடக் கிட்டத்தில் இருந்தது. “நாலு,” என்றாள் புதுசு. “யார் கேட்டாலும் நாலு.”

தேர்வில் அந்தக் கேள்வியே வந்தது. வினாத்தாள் முகவுரையுடையது, விடைக்குறிப்பும் அவருடையதே. அதில் இரண்டு என்று இருந்தது. தாள் திருத்தும் வேலை, வழக்கம்போல, “நம்ம புதுசு இருக்கே.”

கட்டைப் பிரித்தாள். பெரும்பாலானோர் இரண்டு என்று எழுதியிருந்தார்கள். புத்தகத்தை நம்பியவர்கள், அல்லது மார்க்கை நம்பியவர்கள். அவளை நம்பி நான்கு எழுதியவர்கள் ஒரு கைப்பிடி. ஒரு புத்திசாலி ‘இரண்டு அல்லது நான்கு’ என்று இரண்டு படகிலும் காலை வைத்திருந்தான். சமாதானப் பிரியன் ஒருவன் சராசரி எடுத்து, மூன்று என்று எழுதியிருந்தான்.

குறிப்புப்படி திருத்தினால் அவளை நம்பியவர்களுக்குத்தான் சுழியம். அவள் கட்டைத் தூக்கிக்கொண்டு முகவுரையின் அறைக்குப் போனாள்.

“சார், குறிப்ப மாத்துங்க. நாலுதான் சரி. உங்களுக்கே பலகையில அதான் வந்துச்சு.”

சண்டை வரும் என்று எதிர்பார்த்துத்தான் போனாள். முகவுரை சண்டைக்கு வரவில்லை. நாற்காலியில் சாய்ந்து புன்னகைத்தார். அதற்குச் சண்டையே தேவலை.

“ஏம்மா இவ்ளோ டென்ஷன்? ரெண்டு எழுதினவனுக்கும் மார்க் போடுங்க. நாலு எழுதினவனுக்கும் போடுங்க.”

“ரெண்டுமே எப்படி சார் சரியாகும்?”

“விஞ்ஞானத்துக்கு ஒரு பெருந்தன்மை வேணும்மா. யார் மனசும் நோகக்கூடாது.”

“ஒருத்தன் மூணுன்னு எழுதியிருக்கான் சார்.”

அவர் கொஞ்சம் யோசித்தார். “பாதி போடுங்க. முயற்சி பண்ணியிருக்கானே.”

இழுப்பறையைத் திறந்தார். அவளுடைய அறிக்கையை எடுத்து, அவள் பார்க்கப் பார்க்க ‘திருப்தி’ என்று எழுதினார். கையெழுத்து மட்டும் போடவில்லை. பேனாவை மூடாமல் வைத்துக்கொண்டு, “திருத்தி முடிச்சு மார்க்க கொண்டு வாங்க. ரெண்டையும் சேத்துப் போட்டுடலாம்,” என்றார்.

கத்தலாம் என்றால் யாரைப் பார்த்துக் கத்துவது? அவளுடைய பிள்ளைகளுக்கு மார்க் உண்டு. அவளுக்கு வேலை உண்டு. புத்தகத்துக்கு மரியாதை உண்டு. எல்லோருக்கும் எல்லாம் கிடைத்துவிட்டது. குமிழ் ஒன்றுக்குத்தான் ஒரு பக்கம் குறைந்தது.

காலி வகுப்பறை ஒன்றில் உட்கார்ந்து திருத்தினாள். சொன்னபடியே போட்டாள்: இரண்டுக்கு முழு மார்க், நான்குக்கு முழு மார்க், சமாதானப் பிரியனுக்குப் பாதி. மார்க்கைக் கூட்டிக் கையெழுத்தும் போட்டாள். பிறகு கட்டை மறுபடி முதலிலிருந்து எடுத்து, இரண்டு என்று எழுதியிருந்த ஒவ்வொரு தாளிலும் அந்த இரண்டைச் சிவப்பு மையால் அடித்துப் பக்கத்தில் நான்கு என்று எழுத ஆரம்பித்தாள். அந்தத் தாள்கள் யாரிடமும் திரும்பிப் போகாது, கட்டி நேராகக் கிடங்கில் போடுவார்கள், எலி மட்டும்தான் படிக்கும் என்று அவளுக்குத் தெரியாமலில்லை.

கட்டுக் கட்டுவதற்குச் சணலோடு வந்த அலுவலக உதவியாளர் வாசலில் நின்று பார்த்தார்.

“என்ன மேடம், மார்க் எல்லாம் போட்டாச்சில்ல? கட்டிடவா?”

“இருங்கண்ணே,” என்றாள் தலை நிமிராமல். “மார்க் போட்டாச்சு. தப்புதான் இன்னும் திருத்தல.”