பாதையில் நின்ற மூச்சு

குருமண்வெளித் துறையிலிருந்து மண்டூர்ப் பக்கம் போகிற காலைப் பாதையில் அன்று முப்பது பேர் வரை இருந்தார்கள். பாதை என்று அங்கே சொல்வது வாவியைக் கடக்கிற இயந்திரப் படகைத்தான். இரும்புத் தட்டின்மேல் மோட்டார் சைக்கிள்களும் மனிதரும் நெருக்கியடித்து நிற்க, அக்கரை சேரக் கால் மணி நேரம் பிடிக்கும்.

கேதீஸ்வரி தினமும் அதில் போகிறவள். அக்கரையில் முன்பள்ளி ஆசிரியை. இருபத்தொன்பது வயது, ஐந்தடிக்குச் சற்றுக் குறைந்த உயரம். பிள்ளைகள் எதையாவது விழுங்கித் தொண்டையில் சிக்க வைத்துவிடுவார்களோ என்ற பயத்தில், போன மாதம் மட்டக்களப்பில் மூன்று நாள் முதலுதவிப் பயிற்சிக்குப் போய்வந்திருந்தாள். பெரியவர்களுக்குச் செய்கிற முறையை மற்றவர்கள் பழக, அவள் பின்வரிசையில் நின்று பார்த்ததே அதிகம். ஒரே ஒரு தடவை பயிற்சிப் பொம்மையின் நெஞ்சை அழுத்தி அமத்தினாள். பயிற்றுநர் ஸாஹிர், இன்னும் ஆழமாக என்று சொன்னதும் எல்லாரும் பார்க்கிறார்களே என்று கூச்சப்பட்டு எழுந்துவிட்டாள்.

பாதையின் நடுவில் சீனித்தம்பியார் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். முன்பு வயல்வட்டைக்குத் தண்ணீர் பங்கிடுகிற விதானையாக இருந்தவர். ஆளும் பெரிது, குரலும் பெரிது. கையில் சுடச்சுட இறால் வடை. வட்டைக்குள் வந்த யானையைத் தகரம் தட்டிக் கலைக்கப் போய், தானே வாய்க்காலுக்குள் விழுந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். கதை சிரிப்புக்கு வந்த இடத்தில் அவரும் சேர்ந்து சிரித்தார். பாதி வடை வாய்க்குள் இருந்தது.

சிரிப்பு சட்டென்று நின்றது. இருமல் கூட வரவில்லை. கண்கள் பிதுங்க, இரண்டு கையாலும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

கதையில் அதுவும் ஒரு பகுதி என்றே பலர் நினைத்தார்கள். கேதீஸ்வரிக்கு ஸாஹிர் சொன்னது நினைவில் வந்தது: இருமுகிறவனை இரும விடுங்கள், சத்தம் நின்றால் கை வையுங்கள். அவள் மோட்டார் சைக்கிள்களுக்கு இடையால் புகுந்து அவர் முன்னால் போய் நின்றாள்.

"கதைக்க ஏலுமா?"

அவர் தலையை ஆட்டினார். ஏலாது.

அவரை முன்னுக்குக் குனியவைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கை அடியால் ஐந்து அடி அடித்தாள். ஒன்றும் வெளியே வரவில்லை. பின்னால் போய் வயிற்றைக் கட்டிப்பிடிக்கப் பார்த்தாள். அந்த வயிற்றைச் சுற்றி அவள் கைகள் எட்டவில்லை. கைகளை நெஞ்சுக்கு உயர்த்தி ஒருபடியாக விரல்களைக் கோத்து இழுத்தாள். இரண்டாவது இழுப்பில் அவர் முழங்கால் மடிந்து, முழுப் பாரத்தோடும் அவள்மேல் சரிந்தார். பக்கத்தில் நின்ற ஏறாவூர் மீன் வியாபாரி இர்ஷாத் தாங்கியிராவிட்டால் இருவரும் விழுந்திருப்பார்கள்.

தட்டில் மல்லாக்கப் படுக்கவைத்தார்கள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. வலிப்பு என்று நினைத்து யாரோ இரும்புச் சாவிகள் கோத்த திறப்புக்கோர்வையை அவர் கையில் திணித்தார்கள். அவருடைய மனைவி சீதேவிப்பிள்ளை தண்ணீர்ப் போத்தலைத் திறந்து வாயில் ஊற்றப் போனார். கேதீஸ்வரி அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"தண்ணி குடுக்கப்படா மாமி. மூச்சுப் போற வழி அடைச்சிக் கிடக்கு. என்னய விடுங்க, நான் பாக்கிறன்."

அந்தக் குரல் தன்னுடையதா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. ஆனால் சீதேவிப்பிள்ளை விலகினார். பாதை ஓட்டுகிற ரதீஸிடம் நிற்பாட்டாமல் ஓட்டச் சொன்னாள். இர்ஷாத்திடம் 1990 என்ற அவசர இலக்கத்துக்கு அழைத்து, அம்புலன்ஸை அக்கரைத் துறைக்கு வரச் சொல்லும்படி சொன்னாள். பிறகு முழங்காலில் நின்று, மார்பின் நடுவில் கைமேல் கை வைத்து அமத்தத் தொடங்கினாள்.

சத்தமாக எண்ணினாள். முப்பதில் நிறுத்தி வாயைத் திறந்து பார்த்தாள், ஒன்றும் தெரியவில்லை. தலையைப் பின்னுக்குச் சரித்து, தாடையை உயர்த்தி, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து ஊதினாள். முப்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாராவது ஏதாவது சொல்லியிருந்தாலும் அவளுக்குக் கேட்டிருக்காது. நெஞ்சு எழும்பவில்லை. தலையைத் திருத்தி வைத்து மறுபடி ஊதினாள். அப்போதும் எழும்பவில்லை.

மறுபடி முப்பது. இரும்புத் தட்டு முழங்காலைத் தின்றது. பாரம் போதாது என்று பட்டதும் தோளை நேரே கொண்டுவந்து, உடம்பு முழுவதையும் கைக்குள் இறக்கினாள். மூன்றாவது சுற்றில் களைத்துப்போனாள். இர்ஷாத்தை எதிரே இருத்தி, இடத்தைத் தொட்டுக் காட்டி, தான் எண்ண அவரை அமத்தவைத்தாள். மீன்பெட்டி தூக்கிப் பழகிய கை, நன்றாக இறங்கியது.

முப்பதில் மறுபடி வாயைப் பார்த்தாள். அடிநாக்கில், தொண்டைக்கு மேலே, சிவப்பாக ஓர் இறால் வால் தெரிந்தது. விரலைக் கொக்கிபோல மடித்துப் பக்கவாட்டால் விட்டு இழுத்தாள். இறால் முழுதாக, மாவும் பருப்பும் ஒட்டியபடி வந்தது.

ஊதினாள். நெஞ்சு எழும்பியது.

இன்னொரு முறை ஊதினாள். அதுவும் உள்ளே போனது. மறுபடி இர்ஷாத் அமத்தினார். பதினெட்டு எண்ணும்போது சீனித்தம்பியாரின் தொண்டையில் கரகரவென்று ஒரு சத்தம் வந்தது. உடம்பு ஒருமுறை துள்ளியது. மூச்சை இழுத்து, இருமி, வாந்தியெடுத்தார். உடனே அவரைப் பக்கவாட்டில் புரட்டி, வாய் கீழ்நோக்கி இருக்கும்படி வைத்தாள். நீலம் மெல்லக் கலைந்தது. கண் திறந்தது.

"ஆரு இது?" என்றார், குரல் அடைத்துப்போய்.

"நேசறி ரீச்சர்," என்றார் சீதேவிப்பிள்ளை. கேதீஸ்வரியின் தலையை இழுத்துத் தன் மார்போடு அணைத்துக்கொண்டார். பாதை முழுக்கக் கை தட்டியது. ரதீஸ் கரைவரை ஹோர்னை விடாமல் அடித்துக்கொண்டு போனான்.

அம்புலன்ஸில் வந்தவர் எல்லாம் கேட்டுவிட்டு, நாங்கள் வந்திருந்தாலும் இதற்குமேல் வேறொன்றும் செய்திருக்கமாட்டோம் என்றார். கேதீஸ்வரி முன்பள்ளிக்குப் போய்ச்சேர முக்கால் மணி நேரம் பிந்திவிட்டது. சட்டையில் வாந்தி. பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஏன் என்று கேட்டார்கள். அவள் தரையில் உட்கார்ந்து முழுக்கதையையும் சொன்னாள். சொல்லும்போதுதான் அழுகை வந்தது, கூடவே சிரிப்பும்.

நெஞ்சை அமத்தியதில் இரண்டு விலா எலும்பு வெடித்திருந்தும் சீனித்தம்பியார் ஒரு கிழமையில் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்தார். அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை பின்னேரம் ரதீஸ் பாதையைத் துறையில் கட்டிவைத்தான். மட்டக்களப்பிலிருந்து ஸாஹிர் பொம்மையோடு வந்தார். ஆனால் படிப்பித்தது கேதீஸ்வரிதான். ஊரில் பாதிப்பேர் தட்டில் நின்றார்கள். முதலில் முழங்காலில் இறங்கியவர் சீதேவிப்பிள்ளை. சேலையைச் செருகிக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு அமத்தினார்.

"இன்னும் ஆழமா மாமி. பயப்படாதீங்க," என்றாள் கேதீஸ்வரி.

பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்த சீனித்தம்பியார் தன் பெரிய குரலில் எண்ணத் தொடங்கினார். ஐந்தாவது எண்ணில் தட்டு முழுக்கச் சேர்ந்துகொண்டது.