வேலூர்த் துறைமுகம்

கடலே இல்லாத வேலூரில் ஒரு துறைமுகத்தை உண்டாக்கியவள் உமைமாதான். அதற்கு அவளுக்கு ஒரு பஸ்ஸும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதுமாக இருந்தன.

அடுத்த மாதம் பதினெட்டுப் பேரை அவள் கப்பலேற்றப் போகிறாள். பார்சிலோனாவில் ஏறினால் மார்செய், லிவோர்னோ, சிவிட்டவெக்கியா, நேப்பிள்ஸ் என்று ஊர் ஊராய் நின்று போகிற கப்பல். துபாயில் ஒரு டிராவல்ஸ் ஆபீசில் வேலை பார்த்த காலத்தில் அந்த வழியில் எத்தனையோ கூட்டத்தைக் கூட்டிப் போய் வந்தவள். இப்போது வாணியம்பாடியில் சொந்த ஆபீஸ். சொந்தப் பெயரில் கிளம்புகிற முதல் கூட்டம் இது. இதில் ஒருத்தர் கரையில் நின்றுபோனாலும் ஆம்பூரிலிருந்து ராணிப்பேட்டை வரைக்கும் அதே பேச்சாகிவிடும். அப்புறம் இரண்டாவது கூட்டத்துக்கு யார் வருவார்கள்?

தோல் பதனிட்டு ஷூ தைக்கிற நம் ஊர்க்காரர்கள் கெட்டிக்காரர்கள், அதில் ஒரு குறையும் இல்லை. விசா, டாலர், ஏர்போர்ட் எல்லாம் அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் ஒரு வியாதி உண்டு. ஷூவைப் பார்த்தால் கவிழ்க்காமல் இருக்க முடியாது. அடிப்பாகத்தை வளைப்பார்கள், உள்ளே மூக்கை விடுவார்கள், கட்டைவிரலால் தோலை அழுத்துவார்கள், அப்புறம் கடைக்காரனோடு வாதாட ஆரம்பித்துவிடுவார்கள். துபாயில் இருந்தபோது ராணிப்பேட்டை முதலாளிகள் இருவரை அவள் ஃபுளோரன்ஸுக்குக் கூட்டிப் போயிருந்தாள். ஒரு பையைக் கையில் வைத்துக்கொண்டு, “இது நம்ம பக்கத்துத் தோலு” என்று ஒருத்தர், “இல்லவே இல்ல” என்று இன்னொருத்தர். பேசி முடித்து, கப்பல் நிற்கிற லிவோர்னோவுக்கு வந்து சேர்ந்தபோது கப்பலின் முதுகுதான் தெரிந்தது. அன்றைக்கு உமைமா கேட்ட வசவை இன்னும் மறக்கவில்லை.

அதனால்தான் இந்த ஒத்திகை. சும்மா ஹாலில் உட்கார வைத்துச் சொன்னால் டீ குடித்துவிட்டு மறந்துவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

பஸ் கொடுத்தவர் முக்தார் அகமது. ஆம்பூரில் ஷூ கம்பெனி வைத்திருப்பவர், உமைமாவின் அம்மாவுக்குத் தம்பி முறை. பதினெட்டில், அவரையும் சேர்த்து, ஒன்பது பேர் அவர் வீட்டு ஆட்கள். அவர் தம் ஆட்களின் பேரை எடுத்துவிட்டால் இந்தக் கூட்டமே கலைந்துபோகும். பஸ் அவருடைய கம்பெனி பஸ், டிரைவர் தானியேல் அவரிடம் சம்பளம் வாங்குகிறவர். ஆகவே முன் ஸீட்டில் ஜன்னலோரம் அவர்தான் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மனைவி நசீமுன்னிசா, மடியில் முறுக்கு டப்பாவோடு.

ஆம்பூர் தாண்டியதும் உமைமா டிரைவர் பக்கத்தில் நின்றுகொண்டு மைக்கைப் பிடித்தாள். கூட்டத்தில் பாதிப் பேர் உருது பேசுகிற வீடு, மீதிப் பேர் அப்படியில்லை. அதனால் தமிழில்தான் பேச்சு.

“எல்லாரும் கேட்டுக்குங்க. இன்னிக்கு இந்த பஸ்தான் கப்பல். வேலூர் கோட்டை வாசல்தான் லிவோர்னோ. கப்பல் நாலு மணிக்குக் கிளம்பும். மூணரைக்கு எல்லாரும் உள்ள இருக்கணும்.”

“நாலுக்குக் கிளம்புற கப்பலுக்கு மூணரைக்கு இன்னா அவசரம்?” என்றார் பேங்க்கிலிருந்து ஓய்வு பெற்ற இன்பராஜ்.

“ஏணியத் தூக்கிடுவாங்க சார். அப்புறம் நீங்க பேங்க் மேனேஜர்னு சொன்னாலும் இறக்க மாட்டாங்க.”

பஸ் சிரித்தது. அவள் விடவில்லை.

“உங்க போனு தானா அந்தந்த ஊர் டைமுக்கு மாறிடும். கப்பல் டைம் வேறயா இருந்தாலும் இருக்கும். கையில ஒரு வாட்ச் கட்டுங்க, அத கப்பல் டைமுக்கு வெச்சு, தொடாம விடுங்க. அப்புறம், டிக்கெட்டுல ரோமுன்னு போட்டிருக்கே, இறங்கினா ரோமு வந்துடும்னு நினைக்காதீங்க. கப்பல் நிக்கிறது சிவிட்டவெக்கியாவுல. அங்கேர்ந்து ரோமு ரயில்ல ஒரு மணி நேரம். மெட்ராஸ்னு சொல்லி அரக்கோணத்துல இறக்கிவிட்ட கதைதான். போக எவ்ளோ நேரமோ, வர அதைவிட ஜாஸ்தி வெச்சுக்கணும்.”

“நமக்காக ஒரு பத்து நிமிஷம் நிக்க மாட்டானா?” என்றாள் உமைமாவின் அம்மா முனவ்வர் பேகம். பெற்ற பெண் நடத்துகிற கூட்டத்தில் அவளுக்கும் ஒரு ஸீட்டு.

“கப்பல்காரனே கூட்டிட்டுப் போற டூருன்னா நிப்பான் அம்மி. நாம செலவக் கம்மியா முடிக்கணும்னு சொந்தமா பஸ் வெச்சுப் போறோம். நமக்கு நிக்க மாட்டான். லேட்டா ஓடி வர்றவங்கள மேல்தட்டுல நின்னு வேடிக்கை பாத்து, கைதட்டுவாங்க. அந்தக் கைதட்டு நம்ம ஆளுங்களுக்கு விழக் கூடாது.”

பையை முன்பக்கம் மாட்டச் சொன்னாள். பாஸ்போர்ட் ஜெராக்ஸ் ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும் என்றாள். கக்கூஸுக்குக் காசு கேட்பார்கள், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். மாதா கோயிலுக்குள் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும் என்றபோது இன்பராஜின் மனைவி ரங்கம்மாள், “இவர் அரை டவுசர் நாலு வாங்கி வெச்சிருக்காரும்மா” என்று போட்டுக் கொடுத்தாள். புது ஷூ போட்டுக்கொண்டு வராதீர்கள், அங்கே தெருவெல்லாம் கல் பாவியிருக்கும், இப்போதிருந்தே போட்டுப் பழக்குங்கள் என்றதும் முக்தார் அகமது தொடையைத் தட்டிச் சிரித்தார்.

“ஷூவப் பத்தி எனக்கே சொல்றியா நீ?”

“உங்களுக்குத்தான் மாமு முக்கியமா சொல்றேன். ஷூ கடைக்குள்ள கால வைக்காதீங்க.”

கடைசியாக எல்லார் கழுத்திலும் ஒரு அட்டையை மாட்டிவிட்டாள். முன்னால் கப்பல் ஏஜென்ட் நம்பர் என்று அவளுடைய நம்பர். பின்னால் அடுத்த துறைமுகம்: மாதனூர், பைபாஸ் டீக்கடை. “கப்பல் தவறிட்டா ஓடாதீங்க, அழாதீங்க. ஏஜென்ட்டுக்குப் போன் பண்ணுங்க. கப்பலத் துரத்தாம நேரா அடுத்த துறைமுகத்துக்குப் போய் நில்லுங்க.”

வேலூரில் எல்லாரும் இறங்கினார்கள். கோட்டையைச் சுற்றினார்கள், அகழித் தண்ணீரோரம் போட்டோ எடுத்தார்கள், பஜாரில் நுழைந்தார்கள். மூணு மணியிலிருந்தே ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். இன்பராஜ் இளைக்க இளைக்க வந்து, ஏறினதும் வாட்சைத் தூக்கிக் காட்டினார். உமைமாவுக்கு மனசு குளிர்ந்தது. என் கூட்டம் தேறிவிடும் என்று நினைத்துக்கொண்டாள்.

மூணரைக்குப் பதினேழு தலை. முன் ஸீட்டின் ஜன்னலோரம் காலி.

போன் போட்டாள். “இதோ வர்றேன், அஞ்சு நிமிஷம்” என்றார் முக்தார் அகமது. பின்னாலிருந்து, “சார், அது ப்யூர் லெதர் சார்” என்று யாரோ கெஞ்சுகிற குரல் கேட்டது. அவ்வளவுதான், உமைமாவுக்குப் புரிந்துபோயிற்று.

மூணே முக்கால். மறுபடி போன். “உள்ள லைனிங் பூரா ரெக்சின், இவன் லெதருங்கிறான்! விட்டுட்டு வரச் சொல்றியா?”

நாலு அடித்தது.

எல்லாரும் உமைமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிளம்பினால் மாமு ஒன்பது பேரையும் உருவிவிடுவார், கூட்டம் போச்சு. நின்றால் கப்பல் நிற்கும் என்று பதினேழு பேருக்கும் பாடம் ஆகிவிடும், லிவோர்னோவில் ஒருத்தர்கூட அவள் பேச்சைக் கேட்க மாட்டார்கள். கூட்டம் போனாலும் இங்கேயே போகட்டும், லிவோர்னோவில் ஒருத்தரைத் தவற விட வேண்டாம் என்று முடிவு செய்தாள்.

“தானியேல் அண்ணா, எடுங்க.”

தானியேல் சாவியைத் தொடக்கூட இல்லை. “இன்னாம்மா வெளையாடுற? அவரு பஸ்ஸுல அவரையே உட்டுட்டுப் போறதா? நாளைக்கு நான் வேலைக்குப் போக வேணாமா?”

“பேட்டீ, மாமு உனக்குப் பெரியவரு. பத்து நிமிஷம்தானே?” என்று முனவ்வர் பேகம் மகளின் கையைப் பிடித்தாள். பின் ஸீட்டிலிருந்து, “ஒத்திகைதானே, விடும்மா” என்று இரண்டு குரல்.

அப்போது முறுக்கு டப்பாவை டப்பென்று மூடினாள் நசீமுன்னிசா. அந்தப் பெண்மணி பேசி யாரும் அதிகம் கேட்டதில்லை.

“தானியேல், வண்டிய எடு.”

“மேடம்...”

“கல்யாணம் ஆன புதுசுல ஊட்டிக்குப் போனோம். இவரு செருப்புக் கடையில, நான் கார்ல. பூவெல்லாம் கண்ணாடி வழியாத்தான் பாத்தேன். ஆக்ராவுக்குப் போனோம். அது ஷூ ஊராச்சே, விடுவாரா? நாங்க போய்ச் சேர்றதுக்குள்ள தாஜ்மஹால் கேட்டைச் சாத்திட்டான். ஆக்ரா வரைக்கும் போயி தாஜ்மஹாலப் பாக்காம வந்தவ உலகத்துலயே நான் ஒருத்திதான் இருப்பேன். ஆயுசு பூரா நின்னு நின்னு எனக்குக் காலு போச்சு. இந்தக் கப்பலாச்சும் அவருக்காக நிக்காம போகட்டும். எடு!”

தானியேல் சிலுவை போட்டுக்கொண்டு சாவியைத் திருப்பினார்.

பஸ் கோட்டையைத் தாண்டுவதற்குள் உமைமாவின் போன் அலறியது.

“என் பஸ்ஸு எங்க?”

“கப்பல் கிளம்பிடுச்சு மாமு. பதற வேணாம். அட்டையத் திருப்பிப் பாருங்க. அடுத்த துறைமுகம் மாதனூர்.”

அந்தப் பக்கம் உருதுவிலும் தமிழிலும் வந்ததை இங்கே எழுத முடியாது. அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “ஜெராக்ஸ் பையில இருக்கா மாமு?” என்று விசாரித்தாள். போன் கட்டானது. மைக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நேப்பிள்ஸில் டாக்ஸி ஏறும்முன் வாடகை பேசுவது எப்படி என்று சொல்ல ஆரம்பித்தாள்.

பள்ளிகொண்டா டோல்கேட்டில் பஸ் வரிசையில் ஊர்ந்துகொண்டிருந்தபோது பக்கத்து வரிசையில் ஒரு டாக்ஸி விருட்டென்று போனது. மாதனூர் டீக்கடை முன்னால் பஸ் நின்றபோது, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, கழுத்தில் அட்டை தொங்க, முக்தார் அகமது நின்றிருந்தார். முகம் கடுகடுவென்றிருந்தது.

பஸ்ஸே வாயைப் பொத்திக்கொண்டு இறங்கியது.

“கப்பலத் தவற விட்ட சரக்க கைக்காசு போட்டு ஏர் ஃப்ரெய்ட்ல, பிளேன்ல ஏத்தி அனுப்புவோமே, அந்த மாதிரி வந்து சேர்ந்தேன்” என்றார், உமைமாவிடம் மட்டும் சொல்வதுபோல எல்லாருக்கும் கேட்கும்படி. “ஊரெல்லாம் சிரிக்கும். என் பஸ்ஸு, என் டிரைவரு, என்னையே ரோட்ல விட்டுட்டு வந்துட்ட. எங்க ஒம்போது பேரையும் லிஸ்ட்லேர்ந்து அடிச்சுடு. போதும்.”

உமைமா தலையைக் குனியவில்லை. “நீங்க இல்லாட்டி இந்தக் கூட்டமே இல்ல மாமு, எனக்குத் தெரியும். ஆனா லிவோர்னோவுல நீங்க நின்னுட்டீங்கன்னா என்கிட்ட டாக்ஸி கிடையாது. அங்க உங்கள விடுறதவிட இங்க விடுறது மேலுன்னுதான் விட்டேன். மாஃபி, மன்னிப்பு எதுவும் கேக்க மாட்டேன்.”

“அவரு பேர மட்டும் அடி” என்றாள் நசீமுன்னிசா பின்னாலிருந்து. “நாங்க எட்டுப் பேரு வர்றோம்.”

“இன்னாது?”

“நீங்க ஆம்பூர்லயே இருங்க. ஷூ கடை நிறைய இருக்கு.”

யாரோ களுக்கென்று சிரித்துவிட்டு இருமலாக்கப் பார்த்தார்கள். முக்தார் அகமது மனைவியை நிமிர்ந்து பார்த்தார். அவள் பார்வையைத் திருப்பிக்கொள்ளவில்லை. கண் நிறைந்திருந்தது. அப்புறம் மாலை அஸர் தொழுகைக்குப் பாய் விரித்திருந்த பக்கமாக நடந்துபோனார்.

அடிப்பதா, வேண்டாமா? அவர் சொல்லவில்லை. உமைமா கேட்கவும் இல்லை. நேரத்தை மட்டும் சத்தமாக அறிவித்தாள்: “கப்பல் அஞ்சே காலுக்குக் கிளம்பும்.”

டீ வந்தது, வடை வந்தது. இன்பராஜ் வடையைக் கையில் எடுத்துக்கொண்டே ஏறிவிட்டார். ஐந்தே காலுக்கு முன்னாலேயே பஸ் நிறைந்தது. உமைமா எண்ணினாள். பதினேழு. இந்த முறை ஜன்னலோரம் முக்தார் அகமது இருந்தார், வாட்சை முறைத்துக்கொண்டு. பக்கத்து ஸீட்டு காலி.

நசீமுன்னிசா ரோட்டோரம் விற்ற கொய்யாப்பழத்தைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஒன்றை எடுத்து மோந்து பார்ப்பாள், வைப்பாள், வேறொன்றை எடுப்பாள். வாழ்க்கையில் முதல் தடவையாக யாருக்காகவும் அவசரப்படாத பெண்மணி.

உமைமா தானியேலைப் பார்த்தாள். தானியேல் முதலாளியைப் பார்த்தார். முதலாளி உமைமாவைப் பார்த்தார். உமைமா மெதுவாகக் கையைத் தூக்கினாள். இந்த முறை தானியேல் யாரையும் கேட்கவில்லை. இன்ஜின் உறுமியது.

“ஏய், நில்லு!” என்று கத்திக்கொண்டு குதித்தார் முக்தார் அகமது. அந்தத் தொப்பையோடு அப்படி ஓட முடியும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். கொய்யாப் பையை ஒரு கையில் பிடுங்கினார், மனைவியின் கையை மறு கையில் பிடித்தார், இழுத்துக்கொண்டு பஸ்ஸை நோக்கி ஓடி வந்தார். நசீமுன்னிசா சிரித்துக்கொண்டே, மூச்சு வாங்கிக்கொண்டே ஓடினாள். பஸ் ஜன்னல்களிலிருந்து பதினாறு பேரும் கைதட்டினார்கள்.

“ஓடி வா நசீமா, ஓடி வா!” அவர் குரல் பைபாஸ் முழுக்கக் கேட்டது. “இந்தப் பொண்ணு நிஜமாவே எடுத்துட்டுப் போய்டும்!”