சாப்பாட்டு மேசையில் ஒரு ஜங்ஷன்

சாப்பாட்டு மேசை ரயில்வே ஜங்ஷனாகி ஒரு வருஷம் ஆகிவிட்டது. வீட்டில் எல்லோரும் தரையில் உட்கார்ந்து சாப்பிடப் பழகிவிட்டார்கள். அந்தத் தியாகத்தைக் குடும்பமே மனமுவந்து செய்ததாக வீட்டுத் தலைவரான பல் டாக்டர் மனப்பூர்வமாக நம்பினார்.

"இது எனக்கு மட்டுமில்ல, நம்ம எல்லாருக்கும்தான்" என்று அவர் சொல்லாத நாளில்லை. எல்லாருக்கும் என்றால், பொம்மை ரயிலை ஓட்டுவது அவர், கைதட்டுவது மற்றவர்கள். பல் அச்சு எடுக்கும் மாவைக் குழைத்து மலை கட்டி, அடிவாரத்தில் ஒரு பொம்மை மாட்டை மேயவிட்டிருந்தார். வாய்க்குள் விட்டுப் பார்க்கும் குட்டிக் கண்ணாடியைச் சுரங்கப்பாதைக்குள் விட்டு, அங்கேயும் சொத்தை விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார். மூத்த மகள் பிறந்தநாளுக்குக் கேட்டது சைக்கிள். கிடைத்தது சரக்கு ரயில். "தேங்க்ஸ்ப்பா" என்று அவள் இழுத்ததைக் கேட்டு, பிள்ளை சந்தோஷத்தில் வாயடைத்துப் போய்விட்டாள் என்று பூரித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை யாருக்கோ பல்வலியில் உயிர் போக, அவர் கிளினிக்குக்கு ஓடவேண்டி வந்தது. "யாரும் தொடக்கூடாது, சரியா?" என்றார். மனைவியும் மகள்களும் அவ்வளவு சமர்த்தாகத் தலையாட்டியபோதே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

திரும்பி வந்தபோது வாசலிலேயே சிரிப்புச் சத்தம் கேட்டது. உள்ளே, சரக்கு ரயில் வளைவில் குடைசாய்ந்து கிடந்தது. பெரியவள் விசில் ஊதிக்கொண்டிருந்தாள். சின்னவள் பொம்மைப் பயணிகளுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். வக்கீலான மனைவி, மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு விசாரணையில் இருந்தாள்.

"ஐயோ, என்ன பண்ணி வச்சிருக்கீங்க!"

"நாங்க மெதுவாத்தாங்க ஓட்டினோம். இந்த வளைவைப் போட்டது யாரு?" என்றாள் மனைவி.

"நான்தான்."

"ஏன் இவ்வளவு நெருக்கி வளைச்சீங்க?"

"அது... மலைக்கு எடம் வேணும்ல?"

"பாத்துக்கோங்கடி, ஒத்துக்கிட்டாரு."

"மாட்டுக்கும் அடிபட்டிருக்குப்பா" என்றாள் சின்னவள், கண்டிப்போடு.

டாக்டருக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் அந்த வளைவைப் பற்றி வீட்டில் யாராவது ஒரு கேள்வி கேட்கமாட்டார்களா என்று ஏங்கிக் கிடந்தவர் அவர். அது குறுக்கு விசாரணையாக வரும் என்று எதிர்பார்க்கவில்லை, அவ்வளவுதான். தொண்டையைச் செருமிக்கொண்டு, கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார்.

தீர்ப்பு உடனே வந்தது. மலையை ஒரு பக்கம் செதுக்கி வளைவை அகலமாக்க வேண்டும். பெரியவள் ஸ்டேஷன் மாஸ்டர், சின்னவள் டிரைவர், மொத்தத்துக்கும் மேலதிகாரி வக்கீலம்மா.

"அப்போ நான்?"

"நீங்க புல்லு, அப்பா" என்றாள் பெரியவள்.

மரத்தூளுக்குப் பச்சைச் சாயம் ஏற்றி, மாடு மேயும் இடத்தில் ஒட்டுகிற வேலை. ஏற்றினார். "பளிச்சுனு இருக்கு. வெயில்ல காஞ்ச மாதிரி வேணும்" என்று மேலதிகாரி திருப்பி அனுப்பினாள். மறுபடி ஏற்றினார். கல்யாணமான நாளாக அவள் சொன்ன எதையும் அவர் இத்தனை பயபக்தியோடு செய்ததில்லை.

மறுநாள் கிளினிக்கில், நாற்காலியில் சாய்ந்த ஒருவர் பயந்துபோய்க் கேட்டார்: "என்ன டாக்டர், விரலெல்லாம் பச்சையா இருக்கு?"

"அதை ஏன் கேக்குறீங்க! வீட்டுல பொண்டாட்டிக்கும் பொண்ணுங்களுக்கும் ரயில்னா பைத்தியம். நான்தான் கூடமாட ஒத்தாசை" என்று அலுத்துக்கொண்டே கையுறையை மாட்டினார். பிறகு அந்த நோயாளியின் வாயை அகலத் திறக்க வைத்து, மறுபேச்சுக்கு வழியில்லாமல் பஞ்சையும் அடைத்துவிட்டு, புல்லுக்குச் சாயம் ஏற்றும் விதத்தை ஆதியோடந்தமாக விளக்க ஆரம்பித்தார்.