ஏசியில் பட்ட கல்

காயத்ரி தன் நாத்தனார் காவேரியின் காரை இரவல் வாங்கிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் போனாள். வழியில் ஜல்லி லாரியிலிருந்து தெறித்த கல் காரின் முன்பக்கத்தில் பட்டது. சற்று நேரத்தில் ஏசி நின்றுபோனது.

காஞ்சிபுரத்து மெக்கானிக், ஏசி கேஸைக் குளிரவைக்கும் கண்டென்சரில் இருந்த ஓட்டையைக் காட்டினார். "கேஸ் பூரா போயிடுச்சுமா. புதுசுதான் மாட்டணும்."

"செலவு என்னுது அண்ணி," என்றாள் காயத்ரி, போன் செய்ததும் அங்கே வந்துவிட்ட காவேரியிடம்.

"கல்லு தெறிச்சா நீ இன்னாமா பண்ணுவ? இன்சூரன்ஸ் இருக்குது, கேப்போம்," என்றாள் காவேரி.

இன்சூரன்ஸிலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். "தானா தேஞ்சிருந்தா கிடைக்காது. இது கல்லு பட்டது, கிடைக்கும். கொஞ்சம்தான் நீங்க போடணும்."

அந்தக் கொஞ்சத்தையும் தானே தருவதாக காயத்ரி அடம்பிடித்தாள். கடைசியில் இருவரும் பாதிப் பாதி என்று ஒத்துக்கொண்டார்கள். புது கண்டென்சர் வரும்வரை ஏசி கிடையாது என்பதால், கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஐயம்பேட்டை வீட்டுக்குத் திரும்பினார்கள். பேச்சும் சிரிப்புமாகப் போனதில் வெயிலே தெரியவில்லை.