சாப்பாட்டு அறையில் நின்ற இத்தாலிக் கார்

கார் மூன்றாவது மாடியில், தெய்வசிகாமணியின் சாப்பாட்டு அறையில் நின்றது. விளம்பரத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. இத்தாலிக் கார், பழசு, பழுது உண்டு, சாப்பாட்டு நேரம் தவிர எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம்.

எனக்குக் கார் அவசியமாகிவிட்டது. எங்கள் வீட்டு ஹால் இரண்டு வருடமாக நீண்டுகொண்டே போகிறது. நான் வாசல் பக்கம் இருக்கிறேன். என் மனைவி பூங்கோதை சமையலறைப் பக்கம் இருக்கிறாள். முதலில் எழுந்து போய்ப் பேசினோம். பிறகு சத்தம் போட்டுப் பேசினோம். இப்போது போனில் பேசுகிறோம். கடைசியாக அவளை நேரில் பார்த்தது போன பொங்கலுக்கு முந்தைய பொங்கலில்.

கிளம்பும்முன் அவளிடம் விலையைச் சொன்னேன்.

"அவ்வளவு கம்மியாவா? வேண்டாமுங்க. ஏதோ இருக்குது."

"பாத்துட்டு மட்டும் வர்றேன்."

"பாக்கறதோட நிறுத்திக்குங்க. தொட்டுப்போடாதீங்க."

தெய்வசிகாமணி ஓய்வு பெற்ற பல் டாக்டர். நான் போனபோது காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். வெளிர்நீலக் கார். அதன் கூரைமேல் ஊறுகாய் ஜாடியும் தண்ணீர்ச் சொம்பும் இருந்தன.

"குறையெல்லாம் முதல்லயே சொல்லிப்போடறனுங்க," என்றார்.

என் சந்தேகம் அங்கேயே தொடங்கியது.

"இடது பக்கம் திரும்பாது. பிரேக் பிடிக்கும், ஆனா பிடிச்ச உடனே நிக்கோணும்னு எதிர்பார்க்கக் கூடாது. மழை காருக்குள்ளதான் பெய்யும். ரிவர்ஸ் போட்டா செவ்வாய்க்கிழமைக்குப் போயிரும்."

"எந்தச் செவ்வாய்க்கிழமைங்க?"

"அதெல்லாம் சொல்ல முடியாதுங்க. பழைய வண்டி."

"வைப்பர் வேலை செய்யுதுங்களா?"

"வைப்பரைப் போட்டா இத்தாலியில ஒரு வீட்டுல மின்விசிறி சுத்துது. ஒயரிங் கோளாறுங்க. அந்த வீட்டம்மா கடுதாசி போட்டிருக்காங்க, குளிர்காலத்துல போடாதீங்கன்னு."

கடிதத்தைக் காட்டினார். தபால் முத்திரை சரியாகத்தான் இருந்தது.

பொய் சொல்கிறவரிடம் எப்படிப் பேசுவது என்று எனக்குத் தெரியும். இவர் பொய்யே சொல்லவில்லை. ஒரு மனிதர் இத்தனை குறைகளைத் தானாகவே வரிசையாகச் சொன்னால், அவற்றுக்குப் பின்னால் வேறு ஏதோ பதுங்கியிருக்கிறது.

"டாக்டர், நீங்க எதையோ மறைக்கறீங்க."

துடைப்பதை நிறுத்தினார். காது சிவந்தது.

"ஒண்ணு இருக்குதுங்க. அதைச் சொன்னா விலையை ஏத்தோணும்."

"அப்ப சொல்ல வேண்டாம்."

"நானும் அதைத்தான் நினைச்சனுங்க."

பானெட்டைத் திறந்தேன். உள்ளே ஒரு மேசை இருந்தது. மேசைக்குப் பின்னால் ஒரு குமாஸ்தா எழுதிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"வாங்க வந்தவரா, பாக்க வந்தவரா?"

"இன்னும் முடிவு பண்ணலைங்க."

"முடிவு பண்ணாதவங்களுக்குத் தனிப் படிவம். அது தீர்ந்துபோச்சு. மூடுங்க."

மூடினேன்.

"இஞ்சின் எங்கீங்க?" என்று தெய்வசிகாமணியிடம் கேட்டேன்.

"அவருக்குத்தான் தெரியும். நான் கேட்டதில்லை. எரிஞ்சு விழுவாரு."

"ஓட்டிப் பாக்கலாங்களா?"

"தாராளமா."

"நீங்களும் வாங்க."

"நான் வரலீங்க. எனக்கு இந்த வண்டி மேல நம்பிக்கை இல்லை."

சாவியைக் கொடுத்தார். அது சூடாக இருந்தது. அதையும் மனதில் குறித்துக்கொண்டேன்.

சாப்பாட்டு அறையிலிருந்து வராந்தாவுக்கு வந்தேன். வராந்தா வலது பக்கமாகவே வளைந்து இறங்கி, எங்கள் வீட்டு வாசலில் முடிந்தது. படியேறி ஹாலுக்குள் விட்டேன். சோபா போயிற்று. டிவி போயிற்று. அதற்கப்புறம் மொசைக் தரை மட்டும்தான்.

கார் அழகாக ஓடியது. அது எனக்குப் பிடிக்கவில்லை. பழுதான கார் இப்படி ஓட வேண்டிய காரணம் என்ன? காதைக் கூர்மையாக்கிக்கொண்டு ஓட்டினேன். பானெட்டுக்குள் காகிதம் புரட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

ஒரு மணி நேரம் கழித்து நின்றுவிட்டது. எனக்கு நிம்மதியாக இருந்தது. பூங்கோதைக்குப் போன் போட்டேன்.

"நின்னுபோச்சு."

"நான்தான் சொன்னனே. எங்க நிக்கறீங்க?"

"நம்ம ஹால்லதான். கல்யாண போட்டோ மாட்டின இடத்துக்கிட்ட."

போனில் அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது.

"அது வரைக்கும் வந்துபோட்டீங்களா?" என்றாள். "இருங்க. எதையும் தொடாதீங்க. நானே வந்து பாக்கறேன்."

மத்தியானம் வந்து சேர்ந்தாள். தூரத்தில் முதலில் ஒரு புள்ளி தெரிந்தது. பிறகு மஞ்சள் புடவை தெரிந்தது. கையில் டிபன் கேரியர். தலைமுடி பாதிக்குமேல் நரைத்திருந்தது. போனில் அவள் அதைச் சொன்னதே இல்லை.

நேராக என்னிடம் வரவில்லை. காரை ஒரு சுற்றுச் சுற்றினாள். டயரை உதைத்தாள். கதவை இரண்டு தடவை திறந்து மூடினாள். பிறகு என் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து, என்னைப் பார்த்தாள்.

"இளைச்சுப்போட்டீங்க."

"நீயுந்தான்."

"பேச்சை மாத்தாதீங்க. இந்தச் சீட்டு ரொம்ப வாகா இருக்குது. எதுக்கு இவ்வளவு வாகா இருக்கோணும்?"

"எனக்கும் அதுதான் சந்தேகம்."

காருக்குள் லேசாகத் தூறியது. அவள் முந்தானையை என் தலைமேலும் சேர்த்து இழுத்துப் போட்டாள். கேரியரைத் திறந்தாள். தக்காளி சாதம். அவ்வளவு தூரம் நடந்து வந்தும் ஆறவில்லை. இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டோம்.

போன் அடித்தது. தெய்வசிகாமணி.

"முடிவு பண்ணிட்டீங்களா?"

நான் பூங்கோதையைப் பார்த்தேன். அவள் போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"டாக்டர், இதுல ஏதோ இருக்குதுங்க. நல்லாப் பாக்காம ஒண்ணும் சொல்ல முடியாது."

"எத்தனை நாளாகுமுங்க?"

அவள் ஹாலை ஒருமுறை முன்னால் பார்த்தாள். ஒருமுறை பின்னால் பார்த்தாள்.

"இப்பத்தான் முன் சீட்டைப் பாத்துட்டு இருக்கறோம்," என்றாள். "பின் சீட்டு அப்படியே கிடக்குது."