முதல் கட்டத்தில் ஜெசிந்தா

ராணி பிரைடல் ஸ்டுடியோவின் இன்ஸ்டாகிராம் பக்கத்தை யார் முதன்முறையாகத் திறந்தாலும் எதிரே வந்து நிற்பவள் ஜெசிந்தாதான். மேல் வரிசையின் முதல் கட்டத்தில் ரிசப்ஷன் அலங்காரத்தோடு கண்ணாடி முன் உட்கார்ந்திருப்பாள். விரல் பட்டதும் ரீல் ஓடத் தொடங்கும். மூடிய கண்களைத் திறப்பாள், கண்ணாடியைப் பார்ப்பாள், வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். "ஐயோ, நானா இது?" என்பாள். பிறகு கேமராவுக்குப் பின்னால் யாரையோ தேடி, "அம்மா, பாரும்மா" என்பாள். அதோடு முடிந்து மறுபடி கண்ணை மூடிக்கொள்வாள்.

எத்தனை புதுப் படம் ஏறினாலும் நகராதபடி அவளை அந்தக் கட்டத்தில் உட்காரவைத்தது இசைவாணி. திண்டிவனத்தில் செல்போன் கடைக்கு மேலே இருந்த அந்த ஸ்டுடியோவில் மேக்கப் போடுவது அமல்ராணி. படம் எடுப்பது, பக்கத்தைப் பார்த்துக்கொள்வது, புக்கிங் போனை எடுப்பது எல்லாம் இசைவாணி. கண்டமங்கலத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். தை பிறந்ததும் விழுப்புரத்தில் புதுக் கிளை. அது அவள் பொறுப்பு என்று அமல்ராணி சொல்லியிருந்தாள்.

"புதுசா வர்றவ நம்மள நேர்ல பார்த்ததில்ல. மொத வரிசையப் பார்ப்பா, ரெண்டாவது வரிசையப் பார்ப்பா, புடிச்சா போன் பண்ணுவா, இல்லாட்டி போய்க்கினே இருப்பா" என்பாள் அமல்ராணி. அதனால் இசைவாணி அந்த வரிசைகளைக் கடைவாசல் மாதிரி காத்தாள். இரண்டு சிவப்புப் புடவைகள் பக்கத்தில் பக்கத்தில் வராது. அரைக்கண் மூடிய முகம் இருக்காது. எல்லாப் படத்திலும் சுவர் ஒரே வெளிர் நிறத்தில் இருக்கும். யாரும் வெட்டி எடுத்துத் தங்கள் வேலை என்று காட்டிவிடக் கூடாது என்பதற்காக, லோகோவையும் புக்கிங் எண்ணையும் ஓரத்தில் போடாமல் புடவை மடிப்பின் மேலேயே பதிப்பாள். இத்தனையிலும் ஜெசிந்தாவுக்கு ஈடாக ஒன்றும் அமையவில்லை. ஆவணியில் அவள் கல்யாணம் முடிந்ததிலிருந்து, வருகிற பெண்களில் பாதிப் பேர் போனை நீட்டி, "இந்தக்கா மாதிரியே வேணும்" என்றார்கள்.

ஐப்பசியில் ஒரு காலை புக்கிங் போன் அடித்தது.

"அலோ, அடக்கம் எத்தினி மணிக்குங்க?"

"எதுங்க?"

"பாப்பாவோட அடக்கம்தாங்க. செஞ்சியிலேருந்து வந்துக்கினு இருக்கோம். கொஞ்சம் இருந்து எடுக்கச் சொல்லுங்க."

"இது பியூட்டி பார்லருங்க."

"போர்டுல இந்த நம்பர்தானம்மா போட்டிருக்குது" என்றது குரல்.

வைத்தவுடன் இன்னொரு அழைப்பு. பிறகு இன்னொன்று. நாலாவதாகப் பேசியவரிடம் அந்தப் போர்டின் படத்தை அனுப்பச் சொன்னாள். வந்தது. முச்சந்தியில் கட்டிய பெரிய ஃபிளெக்ஸ். மேலே 'கண்ணீர் அஞ்சலி'. நடுவே பட்டுப்புடவையில், நெற்றிச்சுட்டியோடு, ஜெசிந்தா. புடவை மடிப்பின் மேல் ராணி பிரைடல் ஸ்டுடியோவின் லோகோ. அதன் கீழே, 'முன்பதிவுக்கு அழைக்கவும்'.

என்ன நடந்திருக்கும் என்று இசைவாணிக்குச் சொல்லாமலே தெரிந்தது. அந்த வட்டாரத்தில் உடல் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் ஃபிளெக்ஸ் ஏறிவிட வேண்டும். அழுதுகொண்டிருக்கிற வீட்டில் பெரிதாக்குகிற மாதிரி படம் யாரிடம் இருக்கும்? பிரிண்ட் போடுகிறவன் ஸ்டுடியோ பக்கத்திலிருந்து எடுத்திருப்பான். வெட்ட முடியாத இடத்தில் அல்லவா எண்ணைப் போட்டு வைத்திருக்கிறாள்.

காய்ச்சல் என்றார்கள். பிளேட்லெட் இறங்கிவிட்டது என்றார்கள். ஐந்தாறு அழைப்புக்குப் பிறகு இசைவாணி 'ராங் நம்பர்' என்று சொல்வதை விட்டுவிட்டாள். ஒருவரிடம் நேரத்தைக் கேட்டுக்கொண்டு, அடுத்தடுத்து அழைத்தவர்களுக்கு, "சாயங்காலம் நாலு மணிக்குங்க, மாதா கோயில்ல பூசை முடிஞ்சதும்" என்று சொல்லத் தொடங்கினாள். ஒரு அம்மாள், "நீ அவளுக்கு இன்னா ஆவணும் கண்ணு?" என்று கேட்டாள். "நாலு மணிக்குங்கம்மா" என்று மறுபடி சொல்லிவிட்டு இசைவாணி போனை வைத்தாள்.

அமல்ராணி படத்தைப் பார்த்ததும் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகுதான் லோகோவைப் பார்த்தாள்.

"அடி பாவி, நம்ம நம்பர்டி! இன்னாடி பேஜாரு இது? ஜல்தியா அந்த ரீல எடுத்துடு."

"இன்னிக்கேவாக்கா? இன்னும் மண்ணுக்குள்ளகூட வைக்கலியே."

அமல்ராணியும் கோயிலுக்குப் போகிறவள். "சரி, முப்பதாம் நாள் பூசை முடியட்டும்" என்றாள். "அப்புறம் ஒரு நிமிசம் இருக்கக் கூடாது. கல்யாணத்துக்கு வர்ற பொண்ணு, மொதல்ல இருக்கிறது யாருன்னு கேட்டா இன்னாடி சொல்லுவ?"

யாரும் கேட்கவில்லை. வந்தவர்கள் அதே ரீலைத்தான் காட்டினார்கள். அதே ரிசப்ஷன் கொண்டை, அதே கண் மை, அதே நெற்றிச்சுட்டி. அமல்ராணி கேட்டபடியே போட்டுவிட்டாள். இசைவாணி கேமராவைப் பிடித்தாள். "கண்ணைத் திறங்க" என்று சொன்னதும் ஒவ்வொருத்தியும் திறந்தாள். திறக்கிற அந்த ஒரு நொடி, திரையில் இருப்பது திண்டிவனத்துப் பெண்ணா மயிலத்துப் பெண்ணா என்று தெரியாது. அது ஜெசிந்தாவாகத்தான் இருக்கும். அவர்களும் ரீலில் பார்த்த மாதிரியே வாயைப் பொத்திக்கொண்டு, "ஐயோ, நானா இது?" என்பார்கள். இசைவாணி எடுத்ததையே திரும்ப எடுத்தாள்.

அதற்கப்புறம்தான் அவள் அந்த இதயங்களைக் கவனித்தாள்.

ஜெசிந்தாவின் ரீலுக்கு எங்கெங்கோ இருந்து யார் யாரோ எழுதிக்கொண்டே இருந்தார்கள். 'செம அழகு அக்கா.' 'ஹேப்பி மேரீட் லைஃப்.' 'நூறு வருஷம் நல்லா இருங்க.' ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு சிவப்பு இதயம். யார் போட்டது என்று தட்டிப் பார்த்தாள். ஜெசிந்தாவின் கணக்கு. காலையில் வந்த வாழ்த்துக்குக் காலையிலேயே போட்டிருந்தது. 'எந்த ஊர்லக்கா இருக்கீங்க' என்று ஒருத்தி கேட்டதற்குப் பதிலும் இருந்தது. 'ஓமந்தூர் கிட்ட.'

இசைவாணி போனைக் குப்புற வைத்துவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தாள். யாரோ அவள் போனை வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டாள். ஆனாலும் அன்று முழுக்க அந்தப் பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் ஜெசிந்தா பார்க்கிறாள் என்ற நினைப்பு போகவில்லை.

முப்பதாம் நாளுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை டவுன் பஸ் ஏறி ஓமந்தூர் தாண்டி இறங்கினாள். ரீலை எடுக்கப்போகிறோம் என்று வீட்டாரிடம் சொல்லிவிட்டு எடுப்பதுதான் முறை என்று தோன்றியது. பென் டிரைவில் எல்லாப் படங்களையும் போட்டு எடுத்துவந்திருந்தாள்.

அரசாங்கம் கட்டிக்கொடுத்த கான்கிரீட் வீடு. வாசலில் மல்லாட்டைக் கடலை காய்ந்துகொண்டிருந்தது. ஜெசிந்தாவின் தாய் அக்னஸ் அதைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தாள். ஊரில் களையெடுப்பும் அறுப்புமாகக் கூலிக்குப் போகிறவள், நாற்பத்தைந்து இருக்கும். உள்ளே சுவரில் அதே படம் ஃபிரேம் போட்டு மாட்டியிருந்தது. லோகோவை மறைக்கிற மாதிரி மாலையைத் தாழ்த்திப் போட்டிருந்தார்கள்.

"பார்லர் பொண்ணா நீ? வா வா. அன்னிக்கு உனக்குத்தான் எல்லாம் போன் பண்ணி இம்சை பண்ணிட்டாங்களாம்" என்றாள் அக்னஸ். "நீ டைம் சொன்னன்னு செஞ்சிக்காரங்க சொன்னாங்க. நல்லா இரு."

இசைவாணி பென் டிரைவை நீட்டினாள். எடுக்கப்போவதைச் சொன்னாள். அக்னஸ் அதை வாங்கவில்லை.

"எடுத்துடாதம்மா."

"இதுல எல்லாம் இருக்குதுங்கம்மா. எப்ப வேணும்னாலும் பார்த்துக்கலாம்."

"எனக்கு அவளப் பார்க்கத் தெரியாதா? கண்ண மூடுனா பார்ப்பேன்." அவள் இடுப்பிலிருந்து ஒரு போனை எடுத்தாள். ஜெசிந்தாவின் போன். திரையில் மூலையில் கீறல். "இதப் படி. இங்கிலீஷ்ல எழுதியிருக்காங்க, எனக்கு வர்ல."

இசைவாணி படித்தாள். "அழகா இருக்காங்க, கடவுள் ஆசீர்வாதம் எப்பவும் உங்களுக்கு இருக்கணும்னு எழுதியிருக்காங்க."

"எப்ப எழுதுனாங்க?"

"இன்னிக்குக் காலையிலங்க."

அக்னஸ் தலையாட்டினாள். "இந்த ஊர்ல எல்லாருக்கும் அவ செத்துட்டா. என்னப் பார்த்தாலே மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கினு வர்றாங்க. அவ வீட்டுக்காரருக்குப் பொண்ணு பார்த்துக்கினு இருக்காங்க. இதோ, இந்தப் பொண்ணுக்குத் தெரியாதுல்ல?" திரையை விரலால் தொட்டாள். "இவளுக்கு அவ கல்யாணம் ஆகி எங்கயோ நல்லா இருக்கா. தெனம் புதுசா யாராவது வர்றாங்க. வர்றவங்களுக்கெல்லாம் அவ இருக்கா. நீ எடுத்துட்டன்னா யாருக்கும்மா இருப்பா?"

வெளியே கோழி ஒன்று மல்லாட்டையில் இறங்கியது. அக்னஸ் எழுந்து விரட்டிவிட்டு வந்தாள். இசைவாணி பென் டிரைவைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் அமல்ராணியிடம் சொன்னாள். அமல்ராணி பிரஷ்களைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"பாவம்தான், யாரு இல்லன்னாங்க. நான் கட வச்சிருக்கேன்டி, கல்லறை வச்சிருக்கல."

"அழிக்க வேணாங்கா. மேலேருந்து எறக்கிடறேன். கீழ எங்கனா கெடக்கட்டும்."

"கீழ கெடந்தா எவ பார்ப்பா?"

"அதாங்கா."

"சரி, செய்யி" என்றாள் அமல்ராணி. இரண்டு பேருக்கும் நல்லபடியாக முடித்துவிட்டோம் என்று இசைவாணிக்கு அப்போது தோன்றியது.

முப்பதாம் நாள் பூசைக்கு மறுநாள் ஜெசிந்தாவை முதல் கட்டத்திலிருந்து எடுத்தாள். அவள் தன் பழைய தேதிக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். முதல் கட்டத்துக்குச் செண்டூர்ப் பெண் ஒருத்தி வந்தாள். கார்த்திகையில் முகூர்த்தங்கள் அதிகம். புதுப் பெண் ஒருத்தியின் படத்தை ஏற்றும்போதெல்லாம் ஜெசிந்தா ஒரு கட்டம் நகர்ந்து, வரிசை நிறைந்ததும் கீழே இறங்கினாள். அடக்கத்தில் எல்லாரும் குழிக்குள் ஒரு பிடி மண் போடுவார்களே, அதைத் தினமும் தான் ஒருத்தியே செய்துகொண்டிருப்பதுபோல் இருந்தது இசைவாணிக்கு. தை வந்தபோது, தேடிப் போனாலொழிய ஜெசிந்தாவைப் பார்க்க முடியாது.

விழுப்புரத்துக் கடை திறந்து சில நாளில் புக்கிங் போன் அடித்தது.

"அக்னஸ் பேசுறேம்மா. இந்தப் போன் கெட்டுப்போச்சா?"

"ஏங்கம்மா?"

"யாருமே வர்லயே. ஒரு வாரமா பார்த்துக்கினு இருக்கேன். நீ எடுத்துடலல்ல?"

"எடுக்கலங்கம்மா. அங்கயேதான் இருக்குது."

"அப்ப ஏன் யாரும் வர்ல? அவ இல்லன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிபோச்சா?"

அந்தக் கேள்வி இசைவாணியின் காதிலேயே நின்றுவிட்டது. "நெட் ஸ்லோவா இருக்குங்கம்மா, வருவாங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

புதுக் கடையில் அப்போது யாரும் இல்லை. கண்ணாடிகளில் இன்னும் பிளாஸ்டிக் தாள் உரிக்கவில்லை. இசைவாணி தன் சொந்த போனில் புதிதாக ஒரு கணக்கைத் திறந்தாள். நிவேதா என்று பெயர் வைத்தாள். முகத்துக்குப் பதில் ஒரு ரோஜா. ஸ்டுடியோ பக்கத்தைத் திறந்து, விரல் வலிக்கக் கீழே கீழே தள்ளிக்கொண்டு போனாள். ஜெசிந்தா கண்ணைத் திறந்து சிரித்தாள். 'ரொம்ப அழகா இருக்கீங்க அக்கா. நல்லா இருங்க' என்று எழுதினாள்.

உடனே இதயம் விழுந்தது.

மறுநாள் தேவி என்று ஒருத்தி எழுதினாள். அதற்கு மறுநாள் பாண்டிச்சேரியிலிருந்து ஒரு ஷர்மிளா. எல்லாம் இசைவாணிதான். ஊர், வயது, ரோஜாவின் நிறம் எல்லாவற்றையும் குழம்பாமல் மாற்றிக்கொண்டே வந்தாள். போஸ்டர்களும் ஆஃபர்களும் போடவேண்டிய பகல் நேரத்தில் இதைச் செய்துகொண்டிருக்கிறோமே என்று சில சமயம் வெட்கமாக இருந்தது. நிறுத்திவிடலாம் என்று நினைக்கும்போது, இன்னும் யாரும் எழுதவில்லையே என்று நினைவு வரும்.

ஒரு பிற்பகல் நிவேதாவுக்குத் தனிச் செய்தி வந்தது. ஜெசிந்தாவின் கணக்கிலிருந்து. மைக்கை அமுக்கிப் பேச, போனே எழுதிய எழுத்து. நிறுத்தக்குறி ஒன்றும் இல்லை.

'நிவேதா நல்லா இருக்கியா உனக்கு கல்யாணம் எப்ப'

இசைவாணி கதவைப் பார்த்தாள். யாரும் இல்லை. உண்மையைச் சொல்லிவிடலாம். சொன்னால் அங்கே ஒருத்தி இரண்டாம் முறை சாவாள். 'தை கடைசியில அக்கா. நீங்க நல்லா இருக்கீங்களா?' என்று எழுதினாள்.

பதில் எழுதப்படுவதைக் காட்டும் புள்ளிகள் ஓடின. நின்றன. மறுபடி ஓடின.

'நல்லா இருக்கேன் அவரு வேலைக்கு போயிருக்காரு நான் சோறு ஆக்கிக்கினு இருக்கேன்'

இசைவாணி அதை மூன்று தடவை படித்தாள். கீழே தெருவில் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. படியில் யாரோ பெண்கள் சிரித்துப் பேசிக்கொண்டு ஏறிவருகிற சத்தம் கேட்டது. புதுக் கடையைப் பார்க்க வருகிறவர்கள். அவர்கள் வருவதற்குள் அவள் வேகமாகத் தட்டினாள்.

'இன்னா கொழம்பு அக்கா?'