நாலாவது இடது செருப்பு

1

எங்கோ ஒரு கண்ணாடிப் பெட்டியில் ஒற்றைச் செருப்பு ஒன்றைப் பார்த்தேன். பக்கத்து அட்டையில் பெயர் எழுதும் இடம் காலியாகக் கிடந்தது. கதை அங்கே பிடித்துக்கொண்டது. மற்றதெல்லாம் கற்பனை, தலைவர் உட்பட.

2

"1973, தை மாதம். குறுவை அறுப்பு மும்முரமாக..."

(அடித்துவிட்டேன். தையில் அறுப்பது சம்பா. டெல்டாக்காரர் படித்தால் காறித் துப்புவார்.)

கூலி உயர்வு கேட்டு ஊர் ஊராகப் பேசிய தலைவர், 1968இல் இந்த ஊர்க் கூட்டத்தில் அடியாட்கள் புகுந்ததும், செருப்பை விட்டுவிட்டு வயலில் இறங்கி ஓடித் தப்பினார். இப்போது அவர் இல்லை. நினைவு மண்டபம் திறக்கிறார்கள். அவர் பொருட்களைத் தாம்பாளத்தில் வைத்து, மிராசுதார் தெரு வழியாக ஊர்வலம்.

அன்று அவர் விட்டுப்போன செருப்பு என்று இதுவரை மூன்று வந்துவிட்டது. மூன்றும் இடது கால். தலைவர் செருப்பு வாங்கியது வலங்கைமான் மூஸா கடையில். அதனால் அட்டையில் மூஸா பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் அசல். மூன்றையும் அவர் தள்ளிவிட்டார்.

3

நாலாவதை முந்தானையில் பொதிந்து கொண்டுவந்தவள் பூவம்மாள். மண்டபத்துச் செயலாளர் ரெத்தினம் மேளக்காரரோடு சண்டை போட வெளியே போயிருந்தார்.

மூஸா திருப்பிப் பார்த்தார். அவர் கடைச் சரக்குதான். ஆனால் அடி தேயவே இல்லை. வார் மட்டும் விரல் பட்டுப் பட்டு வழவழத்துக் கறுத்திருந்தது.

"ஏம்மா, இது காலுல கெடந்த செருப்பு இல்லியே. கையில கெடந்ததுல்ல?"*

"எங்க வீட்டுக்காரரோடது பாய். ரெண்டு வருஷம் கையில புடிச்சிக்கிட்டுத்தான் போனாரு. தலைவரு பேசிட்டுப் போன மறுநாளு, காலுல போட்டுக்கிட்டு மிராசுதார் தெருவுல எறங்கிட்டாரு. பாதித் தெருதான் போனாரு. அடிச்சே போட்டுட்டானுங்க. இது ஒண்ணுதான் கெடச்சுது."

(இங்கே அவளை அழவைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை.)

"அதுக்காவ தலைவரோடதுன்னு நான் எப்படிம்மா எழுதுறது?"

"எழுதுங்க பாய். மீதித் தெருவையும் போயிட்டு வரட்டும்."

* மிராசுதார் தெருவில் பண்ணையாட்கள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் நடக்கவேண்டும். 1967இல் ஆட்சி மாறி ஒரு வருஷமாகியும் தெருவுக்குத் தகவல் வந்து சேரவில்லை.

4

முடிவு அ: மூஸா தலைவர் பெயரை எழுதுகிறார். பட்டுத்துணி விரித்த தாம்பாளத்தில் செருப்பு தெருவின் கடைசி வீடுவரை போகிறது. மிராசுதார் வாசலுக்கு வந்து, தோளிலிருந்து துண்டை எடுத்துவிட்டுக் கும்பிடுகிறார். பூவம்மாள் புருஷன் தங்கையன் பெயர் எங்கேயும் இல்லை.

முடிவு ஆ: மூஸா 'தங்கையன்' என்று எழுதுகிறார். அந்தப் பெயருக்கு யார் தாம்பாளம் எடுப்பார்கள்? செருப்பு மறுபடி முந்தானைக்குள்.

(முடிவு இ: மூஸாவுக்குத் திடீரென்று ஒரு... வேண்டாம். அது சினிமா.)

5

"என்ன பாய், தலைவரோடதுதானே? சட்டுனு எழுதுங்க, மேளம் கெளம்பிடுச்சு," என்று ரெத்தினம் உள்ளே வருகிறார்.

மூஸா பொய்க் கையெழுத்துப் போட்டுப் பழகாதவர். பூவம்மாள் அவர் கையையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். எனக்குத் தைரியமில்லை. பேனாவை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். அட்டையில் ஒரு பெயருக்குத்தான் இடமிருக்கிறது.